டைரி ஆப்ல நாலு வருஷம் எழுதினது ஒரே அமுக்குல போச்சு, திரும்ப எடுக்க முடியுமா? இனிமே போகாம இருக்க என்ன பண்றது?

காவேரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதறது இதுதான் முதல் தடவை. முந்தாநேத்து ராத்திரி போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்லு ஃபுல்லுன்னு வந்துட்டே இருந்துது, வாட்ஸப்ல ஒரு ஃபோட்டோ கூட இறங்கல, அதனால செட்டிங்ஸ்க்குப் போயி ஒவ்வொரு ஆப்பா எடுத்து கேஷ் கிளியர் பண்ணிட்டு வந்தேன். டைரி ஆப் வந்தப்போ பக்கத்துல இருந்த கிளியர் ஸ்டோரேஜ அமுக்கிட்டேன். ஸ்டோரேஜ் இல்லன்னு கத்துற போன்ல கிளியர் ஸ்டோரேஜ்னு ஒரு பட்டன் இருந்தா கை அங்கதான போகும். ஏதோ கேட்டுச்சு, படிக்காம ஓகே குடுத்துட்டேன். அப்புறம் தூங்கறதுக்கு முன்னாடி எழுதலாம்னு டைரிய தொறந்தா "உங்கள் முதல் பதிவை எழுதுங்கள்"னு ஒரு பென்சில் படம் போட்டு வந்து நிக்குது. கை காலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.

அதுல என்ன இருந்துச்சுன்னா, எங்க அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், நான்தான் கூட்டிட்டுப் போவேன். அந்த நாலு மணி நேரம் பக்கத்துல ஒக்காந்திருக்கறப்போ அவர் பேசறதெல்லாம் அப்படியே டைப் பண்ணுவேன். ஊசி போடற பொண்ணுகிட்ட எந்த ஊருன்னு கேட்டு அது நம்ம பெரிய அத்தை வாக்கப்பட்ட ஊருன்னு கண்டுபிடிச்சது, வீட்ல இருந்த ஜோடி மாட்டுப் பேரு, அவர் கையால போடற மாங்கா ஊறுகாய்க்கு எத்தன காய்க்கு எவ்வளவு கல்லுப்புன்னு, எல்லாம் அவர் சொன்ன வார்த்தையிலயே இருந்துச்சு. அவர் போயி ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறமும் தினம் எழுதிட்டுதான் இருக்கேன். ஆப்ல லாகின் எதுவும் பண்ணினதில்ல, எக்ஸ்போர்ட்னா, எழுதினத ஆப்ல இருந்து வெளிய ஒரு ஃபைலா எடுக்கறதாம், அதுவே எனக்கு நேத்துதான் தெரியும். வழி இருந்தா சொல்லுங்க, இல்லன்னாலும் இல்லன்னு சொல்லிடுங்க.

கணினிப்பூச்சி

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கு, அதுக்கு ஒரு வேலை இப்பவே பண்ணணும். போன்ல வைஃபைய ஆஃப் பண்ணுங்க, சார்ஜர்லயும் போடாதீங்க, மீதிய அப்புறம் படிக்கலாம்.

ஏன்னா ஆண்ட்ராய்டு 6-ல இருந்து, அதாவது 2015-ல இருந்து, ஆட்டோ பேக்கப்னு ஒண்ணு இருக்கு. நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், போன் சும்மா கெடக்கும்போது, சார்ஜ்ல இருக்கும்போது, வைஃபை இருக்கும்போது, ஆப்போட டேட்டாவ அதுவே நம்ம கூகுள் கணக்குக்கு அனுப்பி வச்சுக்கும், ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைக்கும். சிக்கல் எங்கன்னா கடைசியா எடுத்த ஒரு காப்பிய மட்டும்தான் வச்சிருக்கும். இப்ப உங்க ஆப் காலியா இருக்கு. அடுத்த பேக்கப் ஓடிச்சுன்னா அந்த காலி டைரியே போயி பழசு மேல ஒக்காந்துக்கும். அதனாலதான் அவசரப்படுத்தறேன். பேக்கப் ஆப்ஷனயே ஆஃப் பண்ணிடலாம்னு போகாதீங்க, அப்படி ஆஃப் பண்ணா ஏற்கனவே மேல இருக்கறதையும் அழிச்சிட வாய்ப்பிருக்கு. வைஃபை, சார்ஜர் மட்டும் தள்ளி வைங்க.

அப்புறம் மொபைல் டேட்டாவுல ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணிட்டு பிளே ஸ்டோர்லருந்து திரும்ப போடுங்க. பேக்கப் இருந்துச்சுன்னா இன்ஸ்டால் ஆகும்போதே அது தானா உள்ள வந்துரும். ஆப்ப செஞ்சவங்க இந்த பேக்கப் வேண்டாம்னு மூடி வச்சிருந்தா வராது, அத வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாது. டைரில ஃபோட்டோ நிறைய வச்சிருந்தீங்களா? வெறும் எழுத்துன்னா 25 எம்பி தாராளம், தமிழ்ல ஒரு குறிக்கு மூணு பைட்டுன்னு வச்சாலும் 80 லட்சம் குறிக்கு மேல புடிக்கும்.

காவேரிக்கரை

ஃபோட்டோ ஒண்ணு கூட கெடையாது தம்பி, எழுத்து மட்டும்தான். எங்க வீட்ல வைஃபையே இல்ல, போன் நெட்டுதான். அப்ப பேக்கப்பே போயிருக்காதா?

கணினிப்பூச்சி

வீட்ல வைஃபை இல்லாதது இப்ப நல்லதாத்தான் போச்சுக்கா, காலி டைரி மேல ஏறியிருக்காது. வேற யார் வீட்லயாவது, ஆபீஸ்ல, வைஃபை போட்டு ராத்திரி சார்ஜ்ல வச்சிருந்தீங்கன்னா அன்னிக்கு ஒண்ணு போயிருக்கும். முயற்சி பண்ணிப் பாருங்க.

மணல்மேடு

ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கலாமே, பென்டிரைவ்ல அழிஞ்ச கல்யாண ஃபோட்டோவ எல்லாம் எனக்கு ஒரு கடையில எடுத்துக் குடுத்தாங்க.

கணினிப்பூச்சி

பென்டிரைவ், மெமரி கார்டுன்னா எடுக்கலாம் நண்பா, அதுல ஃபைல் பேரத்தான் முதல்ல அழிக்கும், உள்ள இருக்கறது வேற எதையாவது மேல எழுதற வரைக்கும் அப்படியே கெடக்கும். போனோட உள் மெமரி கதை வேற. ஆண்ட்ராய்டு 10-ல இருந்து வர்ற புது போன் எல்லாத்துலயும் உள்ள இருக்கறது என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி மாத்தித்தான், இருக்கணும்னு கட்டாயம். அழிச்ச இடத்தையும் போனே சீக்கிரத்துல காலி பண்ணிடும். மிஞ்சியிருந்தாலும் சாவி இல்லாத பூட்டு மாதிரிதான். அக்கா, யாராவது அஞ்சாயிரம் பத்தாயிரம் முன்பணம் கேட்டா குடுத்துடாதீங்க, கெடைச்சா மட்டும் காசுன்னு சொல்றவங்ககிட்ட கூட போனக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க, உங்க சொந்த விஷயம் அத்தனையும் அதுல இருக்கு.

கருவேலம்

கூகுள் டிரைவ்ல போட்டா முடிஞ்சுது, சிங்க் பண்ணா முடிஞ்சுதுன்னு அடுத்து யாராவது சொல்ல வருவாங்க, அதுக்கு முன்னாடி எனக்கு நடந்தத சொல்லிடறேன். நான் ஆப் எதுவும் வச்சுக்கல, வருஷத்துக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், லேப்டாப்ல எழுதுவேன், டிராப்பாக்ஸ் ஃபோல்டர்ல இருக்கறதால போன்லயும் அப்படியே இருக்கும். ரெண்டு எடத்துல இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சேன். ஒரு நாள் ஃபைல தொறந்து வச்சுட்டு காப்பி போட எந்திரிச்சுப் போனேன், என் பொண்ணு, அப்ப ரெண்டு வயசு, நாற்காலில ஏறி கீபோர்டுல கை வச்சிருக்கா. முழுசா செலக்ட் ஆகி அது மேல ஏதோ ஒரு எழுத்து விழுந்திருக்கு. எடிட்டர் ஆட்டோசேவ். வருஷம் பூரா எழுதினது போயி அந்த எடத்துல ஒரு வரி நிறைய "ல்ல்ல்ல்ல்"னு இருக்கு. நான் வந்து ஒண்ணும் கவனிக்காம லேப்டாப்ப மூடிட்டேன், சில நொடியில போன்லயும் அதே "ல்ல்ல்".

மூணு வாரம் கழிச்சு ஒரு தேதி தேடறதுக்காக தொறந்தப்பதான் பாத்தேன். டிராஷ்ல தேடினா இல்ல, இருக்கவும் முடியாது, ஃபைல யாரும் அழிக்கலையே, உள்ளதான அழிஞ்சிருக்கு. டிராப்பாக்ஸ்ல இலவசக் கணக்குக்கே 30 நாள் வரைக்கும் பழைய வெர்ஷன் வச்சிருப்பாங்க, நான் பாத்தது 24-வது நாள். ஆறு நாள்ல தப்பிச்சேன். அன்னிக்கு புரிஞ்சதுதான், சிங்க்கும் பேக்கப்பும் ஒண்ணில்ல. நான் நல்லது பண்ணாலும் தப்பு பண்ணாலும் ரெண்டையும் அதே வேகத்துல எல்லா எடத்துக்கும் கொண்டு போயி சேக்கறது சிங்க். பேக்கப்னா என் கை நேரா போயி தொட முடியாத எடத்துல நேத்து இருந்தது நேத்து இருந்தபடியே இருக்கணும்.

இப்ப நாளுக்கு ஒரு ஃபைல்னு மாத்திட்டேன். என்ன தப்பு நடந்தாலும் ஒரு நாள்தான் போகும். வெர்ஷன் வச்சுக்கற ஆப்பா பாத்து எடுங்க, அதுலயும் எத்தன நாளைக்குன்னு பாருங்க. ஜாப்ளின்ல வழக்கமா 90 நாள் வரைக்கும் பழைய வடிவம் இருக்கும், அப்சிடியன்ல ஃபைல் ரெக்கவரின்னு ஒண்ணு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கும், ஆனா நாம மாத்தலன்னா 7 நாள்தான். கூகுள் கீப்ல டிராஷ்ல போட்டது 7 நாள்ல போயிரும். டைரிங்கறது தினம் எழுதறது, ஆனா பழச தினம் திருப்பிப் பாக்க மாட்டோம். ஆபீஸ் ஃபைல்னா மறுநாளே யாராவது கேப்பாங்க. டைரில ஒரு பக்கம் காணாமப் போனா அடுத்த வருஷம் அதே தேதிக்குதான் தெரியும். 7 நாள், 30 நாள்லாம் இதுக்கு பத்தாதுங்க.

யாழ்வாசி

வணக்கம் அக்கா, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். அழிஞ்சு போறது ஒண்டு, இருந்தும் வாசிக்க ஏலாமப் போறது இன்னொண்டு, எனக்கு ரெண்டாவதுதான் நடந்தது. 2004 தொடக்கம் அஞ்சு வருசம் நான் நாட்குறிப்பெல்லாம் பாமினி எழுத்துருவிலதான் அடிச்சு வச்சிருந்தன், எங்கட பக்கம் அப்ப எல்லாரும் பாமினிதான். பிறகு வேற கொம்பியூட்டர் வாங்கித் திறந்து பாத்தா ஒரு சொல்லும் தமிழில இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாக் கிடக்குது. பயந்திட்டன். ஆனா அது அழியேல்லை, எழுத்துரு இல்லாததாலதான் அப்பிடித் தெரியுது, மாற்றியில போட்டு, எல்லாக் கொம்பியூட்டரிலயும் தமிழாவே தெரியிற யூனிகோடுக்குக் கொண்டு வந்திட்டன்.

அதுக்குப் பிறகுதான் உண்மையான இழப்பு. மாத்தினதை நோட்பேடில ஒட்டி சேவ் பண்ணினன். பழைய நோட்பேட் வழமையா ஆன்சி எண்டு தமிழ் எழுத்து அடங்காத ஒரு பழைய முறையிலதான் சேமிக்கும், யூனிகோட் எழுத்து போயிடும் எண்டு ஒரு எச்சரிக்கை வரும், நான் ஓகே குடுத்திட்டன். திரும்பத் திறந்தா பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. பாமினியில ஒவ்வொரு எழுத்துக்கும் வேற வேற குறி இருந்ததால திரும்ப எடுக்க முடிஞ்சது, இதில அ-வும் கேள்விக்குறி, க-வும் கேள்விக்குறி, உலகத்தில ஒருத்தராலயும் திருப்பித் தர ஏலாது. நாலு மாத எழுத்து அப்பிடிப் போட்டுது, பாமினி மூலத்தையும் தேவையில்லை எண்டு அழிச்சிட்டன். 2019-ல வந்த விண்டோஸ் 10 பதிப்பில இருந்து நோட்பேட் யூடிஎஃப்-8 எண்டு யூனிகோட் முறையிலயே வழமையாச் சேமிக்குது, எண்டாலும் பழைய கொம்பியூட்டர் வச்சிருக்கிற ஆக்கள் சேவ் பண்ணேக்க கீழ என்ன இருக்கெண்டு பாருங்கோ. பிடிஎஃப் ஆக மட்டும் எடுத்து வச்சிட்டுச் சரி எண்டு இருக்காதேங்கோ, தமிழ் பிடிஎஃப்பில இருந்து பிரதி எடுத்தா கொம்பும் காலும் இடம் மாறி வாறது கனக்க. வாசிக்க பிடிஎஃப், காப்பாத்த டெக்ஸ்ட், ரெண்டும் வேணும். மாத்தினது சரியா எண்டு வாசிச்சுப் பாக்கும் வரைக்கும் மூலத்தை அழிக்காதேங்கோ.

நெல்லைச்சுரபி

இத படிச்சதும் என் கதைய சொல்லணும்போல இருக்கு. என் டைரி பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் பண்ணது. யாரும் ஊகிக்க முடியாதுன்னு பாஸ்வேர்ட தமிழ்லயே வச்சேன், "ஸ்ரீ"ன்னு ஆரம்பிக்கும். போன் மாத்தினேன், புது கீபோர்டு, டைரிய கொண்டு வந்து பாஸ்வேர்ட் அடிச்சா தப்புங்குது. கண்ணுக்கு அதே ஸ்ரீதான், நூறு தடவ அடிச்சிருப்பேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறம் இங்கதான் ஒரு அண்ணன் சொன்னாரு, ஸ்ரீங்கறத ரெண்டு விதமா எழுதலாம், பழசு ஸ போட்டு வரும், 2005-ல யூனிகோடுல ஶ-ன்னு தனி எழுத்து சேத்தப்புறம் அத வச்சும் வரும், நிறைய ஃபாண்டுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. பழைய கீபோர்ட திரும்ப போட்டு அடிச்சேன், தொறந்துடுச்சு. அதே மாதிரி "கொ"வையும் ஒரே குறியாவும் எழுதலாம், ெ-யும் ா-வும் தனித்தனியாவும் எழுதலாமாம், ஆப் அத ஒண்ணா பாக்கலன்னா கதவு தொறக்காது. அதனால தமிழ்ல பாஸ்வேர்ட் வச்சிருக்கவங்க மாத்திடுங்க, இல்ல எந்த கீபோர்டுல அடிச்சதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. என்கிரிப்ட் பண்ண டைரிக்கு "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்"லாம் கெடையாது, மறந்தா அழிஞ்சதுதான்.

பின்னிரவு

நான் தனியா ஒரு சின்ன டைரி ஆப் செஞ்சு வச்சிருக்கேன், நூத்துக்கணக்குல ஆளுங்க பயன்படுத்தறாங்க, பேரு சொல்லல, விளம்பரம் மாதிரி ஆயிடும். செய்றவன் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

அக்கா சொன்ன மாதிரி "நிச்சயமாவா?"ன்னு கேக்கறதால ஒண்ணும் பெரிய பாதுகாப்பு கெடையாது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ ஓகே அமுக்கற கை அதையும் அமுக்கிட்டுப் போயிடும். நான் அந்தக் கேள்வியையே எடுத்துட்டேன். அழின்னு சொன்னா உடனே கண்ணுல இருந்து மறையும், கீழ "திரும்ப வேணும்"னு ஒரு பட்டன் நிக்கும், உள்ள 90 நாளைக்கு அழிக்காம வச்சிருப்பேன். ஒரே தடவையில பாதிக்கு மேல எழுத்து காணாமப் போச்சுன்னா, கருவேலம் அண்ணனோட பாப்பா பண்ண மாதிரி, சேவ் பண்றதுக்கு முன்னாடி பழச ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும்.

அடுத்தது ஃபைல் எழுதற விதம். பழைய ஃபைல காலி பண்ணிட்டு அது மேலயே எழுதினா, நடுவுல கரண்ட் போனா, பேட்டரி செத்தா, பழசும் இல்ல புதுசும் இல்ல. 2009 வாக்குல லினக்ஸ்ல ஈஎக்ஸ்டி4-ன்னு டிஸ்க்ல ஃபைல் அடுக்கற முறை புதுசா வந்தப்போ மெஷின் க்ராஷ் ஆகி திரும்ப வந்தா ஃபைலெல்லாம் ஜீரோ பைட்டா நிக்குதுன்னு பெரிய சண்டையே நடந்துச்சு. பக்கத்துல தற்காலிகமா ஒரு ஃபைல்ல முழுசா எழுதி, டிஸ்க்ல எறங்கிடுச்சான்னு உறுதி பண்ணி, அப்புறமா பேர மாத்தி பழச எடத்துல வைக்கணும். எந்த நொடியில கரண்ட் போனாலும் ரெண்டுல ஒண்ணு முழுசா இருக்கும்.

கையால காப்பி எடுக்கறவங்களுக்கு ஒண்ணு. நிறைய டைரி ஆப் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்லதான் வச்சிருக்கும். பல ஆப்ல மெயின் ஃபைல் பக்கத்துலயே பேரு "-wal"னு முடியற இன்னொரு ஃபைல் இருக்கும், கடைசியா எழுதினது அதுலதான் கெடக்கலாம். ஆப் ஓடிட்டு இருக்கும்போது மெயின் ஃபைல மட்டும் காப்பி பண்ணி வச்சுட்டு பேக்கப் இருக்குன்னு நம்பினீங்கன்னா கடைசி சில நாள் இருக்காது. ஆப்ப மூடிட்டு எடுங்க, இல்ல ஆப்லயே இருக்கற எக்ஸ்போர்ட்ட பயன்படுத்துங்க.

எல்லாத்துக்கும் மேல, எடுத்த பேக்கப்ப ஒரு தடவையாவது தொறந்து பாருங்க. 2017 ஜனவரி 31-ஆம் தேதி புரோகிராம் கோட சேத்து வைக்கற கிட்லாப் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சிட்டாரு. அஞ்சு விதமா பேக்கப் வச்சிருந்தாங்க, அந்த ராத்திரி பாத்தா ஒண்ணு கூட ஒழுங்கா வேல செய்யல. அவங்கள காப்பாத்தினது ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற ஏதோ வேலைக்காக கையால எடுத்து வச்ச ஒரு காப்பி. இத மறைக்காம அவங்களே வெளிய எழுதினாங்க, நான் ஆப் செய்ய ஆரம்பிச்சப்போ முதல்ல படிச்சது அதத்தான்.

தாத்தாவின்_பேனா

தம்பிகளா, எனக்கு வயசு அறுபத்தெட்டு. நாப்பது வருஷமா நோட்டுலதான் எழுதறேன். வைஃபையும் வேணாம் பாஸ்வேர்டும் வேணாம். அந்தப் பொண்ணு அப்பா பேசினத நோட்டுல எழுதியிருந்தா இன்னிக்கு அழ வேண்டியதில்ல.

கருவேலம்

ஐயா, மரியாதையோட ஒண்ணு சொல்லிக்கறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல சைதாப்பேட்டைல எங்க மாமா வீட்ல இடுப்பளவு தண்ணி. அவரோட முப்பது வருஷ டைரி கீழ் அலமாரில இருந்துச்சு. ஃபௌண்டன் பேனா மை, பக்கமெல்லாம் வெளிர் நீலமா கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, மொட்டமாடில காய வச்சு பிரிச்சோம், பிரிக்கப் பிரிக்க கிழிஞ்சுது. காகிதமோ போனோ, ஒரே ஒரு காப்பின்னா ரெண்டும் ஒண்ணுதான். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு 1736-ல இருந்து 1761 வரைக்கும் எழுதினது, அவர் போயி 85 வருஷம் கழிச்சு 1846-லதான் வெளிய வந்துச்சு, வந்ததும் ஒருத்தர் நகல் எடுத்தாரு, அந்த நகல் பாரிஸ் வரைக்கும் போச்சு.

தாத்தாவின்_பேனா

அது சரிதான் தம்பி. என் நோட்டையெல்லாம் பேரன விட்டு ஃபோட்டோ எடுக்கச் சொல்றேன். எதுல சேத்து வைக்கறதுன்னு அப்புறம் கேக்கறேன், சொல்லு.

காவேரிக்கரை

வந்துடுச்சு. வந்துடுச்சு தம்பி. அன்னிக்கே எழுதணும்னு நெனச்சேன், கை ஓடல. கணினிப்பூச்சி தம்பி சொன்ன மாதிரி மொபைல் டேட்டாவுல அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போட்டேன். தொறந்ததும் அந்த பென்சில் படம் வரல, நேரா ஜனவரி 16-ஆம் தேதி வந்து நின்னுச்சு. பொங்கலுக்கு கோயம்புத்தூர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம், அவ வீட்டு வைஃபை, ராத்திரி சார்ஜ் போட்டு தூங்கினேன், அன்னிக்கு போனதுதான் இது. அதுக்கப்புறம் எழுதின அஞ்சு மாசம் போச்சு. ஆனா அப்பா முழுசா இருக்காரு. மாட்டுப் பேரு இருக்கு. ஊசி போடற பொண்ணு இருக்கு.

இப்ப என்ன பண்ணிருக்கேன்னா, மாசா மாசம் அப்பாவுக்கு அமாவாசை தர்ப்பணம் குடுக்கறோம்ல, அன்னிக்கே எக்ஸ்போர்ட்டும் பண்றதுன்னு வச்சுக்கிட்டேன், அந்த நாள மறக்க மாட்டேன். டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து ஒண்ணு பென்டிரைவ்ல, ஒண்ணு தங்கச்சிக்கு மெயில்ல. அவ அத அவ லேப்டாப்ல தொறந்து நடுவுல ஏதோ ஒரு பக்கத்த எனக்கு போன்ல படிச்சுக் காட்டணும், அதான் எங்களுக்குள்ள கணக்கு. கேள்விக்குறி வருதான்னும் பாத்தாச்சு, வரல.

அப்பா பேசினத மட்டும் தனியா பிரிண்ட் எடுத்தேன், 62 பக்கம் வந்துச்சு, ஸ்பைரல் போட்டு அம்மாகிட்ட குடுத்தேன். ஒரு வார்த்தை பேசாம ரெண்டு நாள் படிச்சாங்க. மூணாம் நாள் பாத்தா ஊறுகாய் பக்கத்துல பேனாவால அடிச்சு திருத்தியிருக்காங்க, இருபத்தஞ்சு காய்க்கு உப்பு ஒரு படி இல்ல, முக்காப் படிதான், அவருக்கு அளவு எப்பவும் தெரியாதுன்னு ஓரத்துல எழுதியிருக்காங்க. அத ஃபோட்டோ எடுத்து டைரில அந்த தேதிலயே சேத்துட்டேன்.

கணினிப்பூச்சி

அக்கா, ரொம்ப ரொம்ப சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு, ஃபோட்டோ சேத்துட்டே போனீங்கன்னா 25 எம்பி தாண்டிடும், தாண்டினா அந்த ஆட்டோ பேக்கப் மொத்தமா நின்னுடும், சொல்லக்கூட சொல்லாது. அம்மா கையெழுத்த தனி ஃபோல்டர்ல வச்சுட்டு டைரில பேர மட்டும் எழுதுங்க.

காவேரிக்கரை

சரி தம்பி, இப்பவே மாத்திடறேன். அந்தப் பக்கத்தோட ஜெராக்ஸ் ஒண்ணு தங்கச்சிக்கும் அனுப்பிடறேன்.